லைப்சிக் தாமஸ் ஆலயத்தில் பையன்கள் கொயர்: கேட்கப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துத் தாமஸ் ஆலயத்தில் பையன்கள் கொயர் (பாடகர் குழு) பாடுவதைக் கேட்க ஆசைப்பட்டு, கையிலிருந்த பணத்தையும் பல வார இறுதிகளையும் தொலைத்துவிட்டு, கடைசியில் ஒரு காபி விலைகூட இல்லாத சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தவள் நான். இதைப் பற்றித் தமிழில் யாராவது நாலு வரி எழுதி வைத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலா வந்தவர்கள் எழுதியதுதான் கிடைக்கிறது. எல்லாரும் தேவதூதர் குரல் என்று உருகிவிட்டு முடித்துவிடுகிறார்கள். எந்த வாரம் போகக்கூடாது, எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், எங்கே உட்காருவது, இதையெல்லாம் ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பொறையாறு பக்கம். குடும்பமே லுத்தரன் சபை. அப்பா ஊர் ஆலயத்தில் பல வருடம் கொயர் மாஸ்டராக இருந்தவர். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு லைப்சிக் என்ற பேர் புதிதில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் படித்தது ஹாலேயில். அது லைப்சிக்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லாத ஊர். பின்னாளில் எங்கள் சபைகளைப் பார்த்துக்கொண்டதும் லைப்சிக் மிஷன்தான். 1836இல் டிரெஸ்டனில் ஆரம்பித்து 1848இல் லைப்சிக்குக் குடிபெயர்ந்த சங்கம் அது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவான பிறகும் அந்த உறவு விட்டுப்போகவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் லைப்சிக் என்றால் பக்கத்து தாலுகா மாதிரி பேசிக்கொள்வார்கள். கெம்னிட்ஸில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது, பல்கலைக்கழகத்தைப் பற்றி அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. "அங்கேருந்து லைப்சிக் எவ்வளவு தூரம் பாப்பா?" என்றுதான் கேட்டார். ரயிலில் ஒரு மணி நேரம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆலயத்துக் கொயர் 1212ஆம் ஆண்டு தொடங்கியது. 2012இல் எண்ணூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் 1723இலிருந்து 1750இல் சாகும்வரை இந்தப் பையன்களுக்குத்தான் வாத்தியார். பாட்டு மட்டுமில்லை, லத்தீன் வகுப்பும் அவர் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது. இன்றைக்கும் ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வயது வரை கிட்டத்தட்ட நூறு பையன்கள் இருக்கிறார்கள். விடுதியில் தங்கி, தாமஸ் பள்ளியில் படித்து, வாராவாரம் பாடுகிறார்கள். மேல்குரல் சின்னப் பையன்கள். குரல் உடைந்த பெரிய பையன்கள் டெனர், பேஸ் என்ற கீழ்க்குரல்கள். அப்பா தன் கொயரில் பேஸ் குரலுக்கு ஆள் தேடி அலைந்தவர். பள்ளிக்கூடப் பையன்களை மட்டும் வைத்துக்கொண்டு நாலு குரலும் பாடுகிறார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. "நீ போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

கெம்னிட்ஸ் வந்து, அறை கிடைத்து, பதிவு, வங்கி, காப்பீடு என்று ஓடி முடிந்ததும் இணையத்தில் உட்கார்ந்தேன். லைப்சிக், பாக், பையன்கள் கொயர், கச்சேரி என்று போட்டுத் தேடியதும் மேலே வந்தது ஒரு டிக்கெட் மறுவிற்பனைத் தளம். நீல நிற மாலுமிச் சட்டை போட்ட பையன்கள் படம், பக்கத்தில் தாமஸ் ஆலயத்தின் படம், கீழே ஒரு சனிக்கிழமை இரவு. 59 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம் எட்டரை யூரோ. "கடைசி 3 இருக்கைகள்" என்று சிவப்பு எழுத்து வேறு துடித்துக்கொண்டிருந்தது. முடிய ராத்திரி ஆகும் என்பதால் ஹாஸ்டலில் ஒரு படுக்கை 38 யூரோ. மாசாமாசம் பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து (மாணவர் விசாவுக்காகப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு) 992 யூரோ வாங்கி, அதில் வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் பார்க்கிற ஆளுக்கு ஒரே நாளில் நூறு யூரோவுக்கு மேல் என்பது சின்ன விஷயமில்லை. அப்பாவுக்காக என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டிக்கெட்டில் இருந்த முகவரிக்கு டிராமில் போய் இறங்கினால் அது தாமஸ் ஆலயமே இல்லை. ஊரின் வேறொரு மூலையில் வேறொரு ஆலயம். உள்ளே பாடியவர்கள் முப்பது நாற்பது வயது ஆண்களும் பெண்களும். நன்றாகவே பாடினார்கள், அவர்கள்மேல் குறையே சொல்ல முடியாது. அவர்கள் பேரை வைத்து இந்த மாதிரி விற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆனால் எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. மறுநாள் அந்தத் தளத்துக்கு எழுதினேன். படங்கள் விளக்கத்துக்காக மட்டும், டிக்கெட்டில் நிகழ்ச்சியின் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, பணம் திரும்பாது என்று பதில் வந்தது. ஹாஸ்டலில் ஆறு பேர் அறையில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன். அப்பா போன் பண்ணியபோது "நல்லா இருந்துச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது யாராவது சொல்லியிருக்க வேண்டியது இதுதான். தாமஸ் ஆலயத்தில் அந்தப் பையன்கள் வழக்கமாகப் பாடுவதற்கு முன்பதிவே கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணி, சனிக்கிழமை பிற்பகல் 3 மணி, இரண்டும் மோட்டெட்டே என்ற பேரில் நடக்கிற ஆராதனைகள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றே கால். வாசலில் நிகழ்ச்சித் தாள் விற்பார்கள். சில யூரோதான், அதுவே நுழைவுச்சீட்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு எண் கிடையாது, முதலில் வருபவர் முதலில் உட்காரலாம். ஆகவே இந்த வாராந்தர ஆராதனைக்கு யாராவது அறுபது யூரோ டிக்கெட் விற்றால் ஒதுங்கிப் போய்விடுங்கள். காசு கொடுத்துப் போகிற பெரிய கச்சேரிகளும் உண்டு. டிசம்பரில் பாக்கின் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ, ஈஸ்டருக்கு முன்னால் பாடு மரணப் பாட்டுகள். அவற்றுக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதை ஆலயமும் கொயரும் தங்கள் சொந்தப் பக்கத்தில் என்ன சொல்கிறார்களோ அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், தேடலில் மேலே வருவதிலிருந்து இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பை விட்டுவிட்டுக் கிளம்பினேன். அக்டோபர் நடுவில், நல்ல மழை. நாலே முக்காலுக்கே வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம். ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் முன்னால்தான் கதவைத் திறந்தார்கள். தாளை வாங்கிப் புரட்டினால் கொயரின் பேர் வேறு. எனக்கு அரைகுறை ஜெர்மன்தான், சீட்டு விற்ற அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். இலையுதிர்கால விடுமுறை, பையன்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், இன்றைக்கு விருந்தினர் கொயர் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பரிதாபம் இருந்தது. தினமும் என்னைப் போல யாராவது வந்து அதே கேள்வியைக் கேட்பார்கள் போல.

அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதை நான் கொயரின் வயசு வரைக்கும் தெரிந்துவைத்திருந்தேனே தவிர, லீவு விடுவார்கள் என்று யோசிக்க எனக்கு எந்த முகாந்திரமும் இருக்கவில்லை. நம்மூரில் ஆலயக் கொயருக்கு ஏது லீவு? கிறிஸ்துமஸ் லீவில்தானே கூடுதல் வேலை! ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பள்ளி விடுமுறை தனி. லைப்சிக் இருப்பது சாக்சனியில். சாக்சனிக்கு அக்டோபரில் இரண்டு வாரம், பிப்ரவரியில் இரண்டு வாரம், ஈஸ்டரை ஒட்டி, அப்புறம் கோடையில் ஆறு வாரம். நம்மவர்கள் ஜூலை ஆகஸ்டில்தான் குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றுகிறார்கள், அந்தச் சமயத்தில் பெரும்பாலும் வேறு கொயர்தான். விடுமுறை இல்லாத வாரத்திலும் பையன்கள் வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கலாம். கொயரின் நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு நேரே யார் பாடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். இன்னொன்று, லைப்சிக்கில் இல்லையென்றால் டிரெஸ்டனுக்குப் போய் அங்கே சிலுவை ஆலயத்துப் பையன்கள் கொயரைக் கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அதுவும் எழுநூறு எண்ணூறு வருடப் பழமையான கொயர்தான். ஆனால் டிரெஸ்டனும் சாக்சனிதான், அங்கேயும் அதே லீவு.

அன்றைக்கு நான் உள்ளே உட்காரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு டோனர் கபாப் கடையில் நனைந்த ஜாக்கெட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊரில் அம்மா சொல்வது போல, கிடைக்காது என்று எழுதியிருக்கிறது போல என்றுகூட நினைத்தேன். அப்பாவிடம் ஏற்கெனவே நன்றாக இருந்தது என்று சொல்லியாயிற்று, அதனால் புலம்பக்கூட ஆளில்லை. தனியாக ஒரு விஷயத்துக்கு அலைவதில் உள்ள கஷ்டம் இதுதான். தொலைந்த பணத்தைவிட, "என்ன ஆச்சு" என்று கேட்க ஆளில்லாததுதான் அதிகம் குத்தும்.

நவம்பர் கடைசியில் மறுபடி கிளம்பினேன். இந்தத் தடவை நாட்காட்டியைப் பார்த்து உறுதி செய்துகொண்டாயிற்று. ரயில் சொதப்பியது. கெம்னிட்ஸுக்கும் லைப்சிக்குக்கும் நடுவில் மின்மயமாகாத பாதை, பாதி தூரத்துக்கு ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவதும் நிற்கும். நான் பிடிக்க வேண்டிய வண்டியை ரத்து செய்து, நடு வழியில் மாற்றுப் பேருந்து விட்டார்கள். பேருந்து ஒவ்வொரு கிராமத்து நிலையத்துக்கும் போய்ப் போய் வந்தது. லைப்சிக்கில் இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். நிலையத்திலிருந்து ஆலயத்துக்கு நடந்தால் கால் மணி நேரம். கிறிஸ்துமஸ் சந்தை போட்டிருந்ததால் சந்துகள் எல்லாம் கூட்டம். இடித்துத் தள்ளி ஓடி, மணி அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

பெஞ்சுகள் எல்லாம் நிரம்பி இருந்தன. ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே பலிபீடத்துப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறேன், பையன்கள் எப்போது வரிசையாக வந்து நிற்பார்கள் என்று. ஆர்கன் வாசித்து முடித்தது. ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் என் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, எங்கேயோ பாட ஆரம்பித்தார்கள். ஏதோ ஒலிபெருக்கி என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தூண் மறைக்கிறது. பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் இருந்த பாட்டி என் கையை லேசாகத் தட்டி, விரலால் மேலே காட்டினார். மேற்குப் பக்கத்து மாடி. பெரிய ஆர்கனுக்கு முன்னால், கைப்பிடிச் சுவருக்கு மேலே, ஒரு வரிசைத் தலைகள் மட்டும். அவ்வளவுதான் தெரிந்தது. மாலுமிச் சட்டையும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை அலைச்சல், இத்தனை காசு, கடைசியில் நான் பார்ப்பது ஒரு தூணையும், முன்னால் நிற்பவரின் கம்பளிக் குல்லாயையும்! ஜெர்மன்காரர்கள் எல்லாரும் சாவகாசமாக முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டு. யாரும் திரும்பவில்லை. கொயர் பின்னால் மாடியில் நின்று பாடும், சபை பலிபீடத்தைப் பார்த்து உட்காரும், அதுதான் அந்த ஆலயத்து வழக்கம். பாட்டைப் பார்ப்பதற்கு அங்கே ஏற்பாடே இல்லை, கேட்பதற்கு மட்டும்தான். எந்தச் சுற்றுலாப் பக்கத்திலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் போடுகிற படங்கள் வேறு நாளில், வேறு இடத்தில், பையன்களை வரிசையில் நிறுத்தி எடுத்தவை.

நடுவில் சபையார் சேர்ந்து பாடுகிற பாட்டு வந்தது. ஆர்கன் முதல் வரியை வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அந்த ராகம் எனக்குத் தெரியும். ஊரில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, அப்பா குச்சியால் தாளம் தட்ட, நான் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிய ராகம். 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஊழியம் செய்த பெப்ரிசியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகள் நிறையத் தமிழாக்கினார், ராகத்தை மாற்றாமல் சொற்களை மட்டும் தமிழில் உட்கார வைத்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பக்கத்துப் பாட்டி ஜெர்மனில் பாட, நான் தமிழில் பாடினேன். வரிகள் முழுசாக ஞாபகமில்லை, நடுவில் முனகினேன். கர்த்தர் ஜெபம் வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் தமிழிலேயே சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

சரி, உட்கார எது நல்ல இடம் என்று இப்போது கேட்டால், கொயர் இருக்கும் மாடிக்கு நேர் கீழே உட்காரவே கூடாது. அங்கே சத்தம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. நடுக்கூடத்தில், பாதிக்கு முன்னால், பலிபீடத்துப் பக்கம் தள்ளி உட்கார்ந்தால் குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. திரும்பினால் தலைகளோடு சேர்ந்து நடத்துனரின் கைகளும் தெரியும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், ஒரு ஆள் இடம் எப்படியும் கிடைத்துவிடும். நாலு பேராகப் போனால் இன்னும் முன்னால் போங்கள். என்ன கேட்கக் கிடைக்கும் என்பதைப் பொறுத்து நாளைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் வாத்தியங்கள் இல்லாமல் குரல் மட்டும், அல்லது கொஞ்சம் வாத்தியம். சனிக்கிழமை வழக்கமாகப் பாக்கின் ஒரு கான்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த பாட்டுத் தொடர்), கூட வாசிப்பது லைப்சிக்கின் கெவண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ரா. உலகப் புகழ் பெற்ற ஆர்கெஸ்ட்ராவை ஒரு காபி விலைக்குக் கேட்பதற்கு இந்த பூமியில் வேறு எந்த இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறைதான் போக முடியும் என்றால் சனிக்கிழமை போங்கள். கெம்னிட்ஸ், டிரெஸ்டன் மாதிரிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அதுவே நல்லது, மூன்று மணி ஆராதனை முடிந்து இருட்டும் நேரத்துக்கு வீடு வந்து சேரலாம். மாற்றுப் பேருந்து ஒன்று இடையில் வந்தாலும் தாங்கும்.

நான் அடுத்து ஒரு சனிக்கிழமை போனேன், இரண்டேகாலுக்கே உள்ளே இருந்தேன். அன்றைக்குத்தான் அப்பா கேட்டதற்குப் பதில் கிடைத்தது. பேஸ் குரல் பதினேழு வயதுப் பையன்களுடையது என்று கேட்டவுடன் தெரிகிறது. நம்மூர்ப் பெரியவர்களின் பேஸ் மாதிரி அடி வயிற்றிலிருந்து உறுமாது. லேசாக, சுத்தமாக, கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். அதனால்தான் மேலே சின்னப் பையன்களின் குரல் அமுங்காமல் நிற்கிறது. எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தனிப்பாட்டில் சின்னப் பையன் ஒருவன் மேல் ஸ்வரத்தில் நூலிழை கீழே இறங்கினான், அடுத்த வரியில் தானே சரி பண்ணிக்கொண்டான். இருமல் சத்தம்கூட மாடியிலிருந்து கேட்டது. குளிர்காலத்தில் ஜலதோஷம் பிடிக்கிற பிள்ளைகள்தானே. பாக் காலத்தில் பையன்களுக்குக் குரல் உடையவே பதினாறு பதினேழு ஆகுமாம். இப்போது பன்னிரண்டு பதின்மூன்றிலேயே உடைந்துவிடுகிறது. அதனால் இன்றைய நடத்துனர்களுக்கு ஒரு நல்ல மேல்குரல் கையில் இருப்பது இரண்டு மூன்று வருஷம்தான்.

பெண்ணாக எனக்கு இதில் ஒரு நெருடலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாமஸ் பள்ளியில் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆனால் கொயரில் இடம் கிடையாது. பெர்லினில் வேறொரு பையன்கள் கொயரில் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணைச் சேர்க்க மறுத்தது 2019இல் வழக்காகி, கொயருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு கொயருக்கு எந்த ஒலி வேண்டும் என்பது அவர்களுடைய கலைச் சுதந்திரம் என்பது நீதிமன்றம் சொன்னதன் சாரம். ஆல்ட்டோ பாடி வளர்ந்தவள் நான், எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. ஆனால் மாடியிலிருந்து வந்த அந்த ஒலி வேறு எங்கேயும் கேட்காத ஒலி என்பதையும் மறுக்க முடியவில்லை. இரண்டும் மனசில் அப்படியே கிடக்கிறது.

பாடும்போது பதிவு செய்யவோ படம் எடுக்கவோ கூடாது. அப்பாவுக்குக் கொஞ்சம் பிடித்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன், பக்கத்தில் இருந்தவர் பார்த்த பார்வையில் உள்ளே வைத்துவிட்டேன். வெளியே பையன்கள் கூட்டமாகப் போவதைப் பார்த்தாலும் படம் எடுக்காதீர்கள். அடுத்தவர் பிள்ளையைக் கேட்காமல் படமெடுப்பது இங்கே ரொம்பத் தப்பு. பாட்டு முடிந்ததும் கை தட்டாதீர்கள், ஆராதனை என்பதால் கைதட்டு கிடையாது. யாராவது ஒரு சுற்றுலாக்காரர் ஆரம்பித்துவிட்டு நடுவில் அசடு வழிவது அநேகமாக நடக்கும். பிரசங்கம் ஜெர்மனில் இருக்கும், சின்னதுதான். கிறிஸ்தவர்கள் இல்லாதவர்கள் போனாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எழும்போது எழுந்து உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். நவம்பர் முதல் மார்ச் வரை உள்ளே குளிரும், கல் தரையின் சில்லிப்பு பாதத்தில் ஏறும். தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், கோட்டைக் கழற்ற வேண்டாம். பாத்ரூம் வேலையை ரயில் நிலையத்திலேயே காசு போட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

முடிந்ததும் எல்லாரும் வாசலுக்கு ஓடும்போது நீங்கள் பலிபீடத்துப் பக்கம் போங்கள். தரையில் ஒரு வெண்கலப் பலகை இருக்கும், பாக்கின் கல்லறை. போரில் இடிந்த யோவான் ஆலயத்திலிருந்து 1949இல் எலும்புகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வெளியே அவருடைய சிலை, 1908இல் வைத்தது. கோட்டின் ஒரு பை வெளியே பிதுங்கித் தொங்கும், காலிப் பை. சம்பளம் போதாமல் கஷ்டப்பட்ட மனுஷர் என்று காட்ட அப்படிச் செதுக்கியதாகச் சொல்வார்கள். 1730இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், லைப்சிக்கில் விலைவாசி பயங்கரம், போன வருஷம் காற்று நன்றாக இருந்ததால் சாவுகள் குறைந்து, இறுதிச் சடங்கில் பாடும் வருமானத்தில் நூறு தாலருக்கு (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) மேல் போய்விட்டது என்று புலம்பியிருக்கிறார். 105 யூரோவைத் தொலைத்திருந்த எனக்கு அந்தப் பையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு ரயிலில் இருந்தே அப்பாவுக்குப் போன் பண்ணி, முதலில் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டெனர் எத்தனை பேர் இருக்கும்?" என்று கேட்டார். மாடியில் எனக்குத் தலைதான் தெரிந்தது, எப்படி எண்ணுவது? குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொன்னேன். "அவ்வளவுதானா, அதுக்கு இந்தச் சத்தமா" என்று அதிசயப்பட்டுக்கொண்டே போனை அம்மாவிடம் கொடுத்தார்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஜூனில் லைப்சிக்கில் பாக் திருவிழா நடக்கும், உலகத்துக் கொயர்கள் எல்லாம் வரும். அந்த நாட்களில் ஹோட்டல் விலை எகிறும், பெரிய கச்சேரி டிக்கெட்டும் மாதக் கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். கொயரை மட்டும் கேட்க வேண்டும் என்றால் மே மாதத்திலோ செப்டம்பரிலோ ஒரு சாதாரண சனிக்கிழமை போதும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையை ஹாலேக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீகன்பால்கின் ஆசிரியரான பிராங்கே தொடங்கிய நிறுவனத்தின் பழைய வளாகம் அப்படியே இருக்கிறது, அங்கே ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அனாதை இல்லக் கட்டடத்தின் மேல் மாடியில் அந்தக் காலத்து அபூர்வப் பொருள் கூடத்தையும் பார்க்கலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு வைத்திருந்தால் ரயிலுக்குத் தனியாகச் செலவில்லை, ஆனால் வட்டார ரயிலில் மட்டும் ஏறுங்கள், விரைவு ரயிலில் அது செல்லாது. ஹாலே வளாகத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அந்த அபூர்வப் பொருள் கூடம் மூடியிருக்கும்.